"நல்லா இருக்கு" என்றால் போதுமா?
நாடகம் பார்ப்பவர் கருத்துச் சொல்வது எப்படி?



திருமண விருந்தில் இரண்டு குடும்பங்கள் ஒரே மேசையில் அமர்ந்தால், பிள்ளைகளின் படிப்பை விசாரித்த கையோடு பேச்சு நாடகத்துக்குத் தாவிவிடுகிறது. "இப்ப எது பாக்குறீங்க?" என்று ஒருவர் கேட்பார். "சீரியலா? அதெல்லாம் விட்டாச்சு. ஒரே இழுவை. இப்ப வெப் சீரிஸ்தான்" என்பார் மற்றவர். அத்தோடு தீர்ப்பு முடிந்துவிடும்.

இந்தத் தீர்ப்பு சரியா? தொடர் நாடகம் என்றாலே மட்டம், இணையத் தொடர் என்றாலே உயர்வு என்று சொல்லிவிட முடியுமா? இரண்டும் எப்படித் தயாராகின்றன என்று தெரிந்துகொண்டால், நம் கருத்துக்குக் கொஞ்சம் கனம் கூடும். அந்தக் கனம் ஏன் தேவை என்பதையும் பார்ப்போம்.

நாடகம் ஏன் நீள்கிறது?

அன்றாடம் ஒளியேறும் தொடருக்கு அரை மணி நேரம் ஒதுக்கப்படுகிறது. விளம்பரம் போகக் கதைக்குக் கிடைப்பது இருபது நிமிடத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அதற்குள் நேற்றைய கதையை நினைவூட்ட வேண்டும். நாளைக்கும் வந்து உட்காரும்படி ஒரு கேள்வியோடு முடிக்க வேண்டும். அடுப்படியில் தாளித்துக்கொண்டே காதால் மட்டும் கேட்பவருக்கும் கதை புரிய வேண்டும். ஒரே செய்தியை ஐந்து பாத்திரங்கள் ஐந்து முறை சொல்வதும், ஒவ்வொரு முகத்தையும் கேமரா சுற்றி வருவதும் இதனால்தான்.

நாடகம் வெற்றி பெற்றுவிட்டால் விளம்பர வருமானம் தொடர்ந்து வரும். முடிக்க யாருக்கும் மனம் வராது. ராதிகாவின் 'சித்தி' 1999 இறுதியில் தொடங்கி 2001-இல் நிறைவடைந்தது. தேவயானி நடித்த 'கோலங்கள்' 2003-இல் தொடங்கி 2009 வரை, 1,500-க்கும் அதிகமான பகுதிகளாக ஓடியது. ஒரு பகுதிக்கு இருபது நிமிடம் என்று கணக்கிட்டாலும் 500 மணி நேரம்!

இணையத் தொடரின் கணக்கு வேறு. அதற்குப் பெரும்பாலும் சந்தாதான் ஆதாரம். முழுக்கதையையும் எழுதி, படம்பிடித்து, வெட்டி ஒட்டிய பிறகுதான் நம் கண்ணில் காட்டுகிறார்கள். 2022-இல் அமேசான் பிரைமில் வெளிவந்த 'சுழல்' எட்டுப் பகுதிகள். புஷ்கர் - காயத்ரி எழுத, பிரம்மாவும் அனுசரணும் இயக்கினார்கள். காணாமற்போன ஒரு பெண்ணைத் தேடும் கதை, ஊர்த் திருவிழா நாட்களுக்குள் நடந்து முடிகிறது. விடை தெரிந்ததும் அந்தக் கதையும் முடிந்துவிடுகிறது.

ஒரே கரு, இரண்டு பாதை

ஏறக்குறைய ஒரே கருவைக் கொண்ட இரண்டு படைப்புகளை அருகருகே வைத்துப் பார்ப்போம். பெண்களை வீட்டுக்குள் அடக்கி வைக்கும் வழக்கம்தான் அந்தக் கரு.

முதலாவது, 'கோலங்கள்' தந்த திருச்செல்வம் இயக்கிய 'எதிர்நீச்சல்'. சன் தொலைக்காட்சியில் 2022 முதல் 2024 வரை 700-க்கும் அதிகமான பகுதிகள் ஒளியேறின. படித்த பெண்களை மருமகளாகக் கொண்டு வந்து, வேலைக்கு அனுப்பாமல் வீட்டோடு வைத்திருக்கும் ஆதி குணசேகரனின் குடும்பக் கதை. இரண்டாவது, 2023 ஜனவரியில் ஜீ5 தளத்தில் வந்த 'அயலி'. முத்துக்குமார் இயக்கிய எட்டுப் பகுதிகள். 1990-ஆம் ஆண்டு, புதுக்கோட்டை வட்டாரத்தில் வீரப்பண்ணை என்ற ஊர். வயதுக்கு வந்த பெண் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது, படிப்பை நிறுத்திவிட்டுக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்பது கட்டுப்பாடு. மருத்துவராக ஆசைப்படும் சிறுமி தமிழ்ச்செல்வி, தான் வயதுக்கு வந்ததையே மறைக்கிறாள். அபி நட்சத்திரா சிறுமியாகவும் அனுமோள் தாயாகவும் நடித்திருக்கிறார்கள்.

'எதிர்நீச்சல்' நாடகத்தின் பலமே அதன் நீளம்தான். நான்கு மருமகள்கள், நான்கு குணங்கள். ஒருத்தி வாய்விட்டுப் பேசுவாள், இன்னொருத்தி விழுங்கிக்கொள்வாள். மாதக்கணக்கில் பார்க்கும்போது அவர்கள் நம் வீட்டு மனிதர்கள் போல ஆகிவிடுகிறார்கள். வாயில்லாப் பூச்சியாக இருந்தவள் ஒருநாள் எதிர்த்துப் பேசினால், அந்த மாற்றத்தின் அருமை பல மாதம் பார்த்தவருக்குத்தான் தெரியும். இதை நான்கு மணி நேரத்தில் காட்ட முடியாது.

பலவீனமும் அதே நீளம்தான். பெண்கள் முழுதாக வென்றுவிட்டால் நாடகம் முடிந்துவிடும். ஆகவே வெள்ளிக்கிழமை ஜெயித்தவர்கள் திங்கட்கிழமை தோற்க வேண்டியிருக்கிறது. அடக்குகிற பாத்திரத்தின் பேச்சுக்குக் கைதட்டலும் கூடிவிடுகிறது. குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8-ஆம் தேதி திடீரென்று காலமானார். நாடகம் உச்சத்தில் இருந்த நேரம். கதையை நிறுத்த வழியில்லை. அந்த வேடத்தை வேல ராமமூர்த்தி ஏற்றார். படப்பிடிப்பும் ஒளிபரப்பும் கூடவே ஓடும் தொடருக்கு மட்டுமே வரும் சங்கடம் இது.

'அயலி' சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறது. தாய்க்கும் மகளுக்கும் நடுவே உள்ள அந்த ஒரே ரகசியத்தில் கதை நிற்கிறது. சிரிக்க வைத்துக்கொண்டே சிந்திக்க வைக்கிறது. ஆனால் நேரம் குறைவு என்பதால், தலைமுறை தலைமுறையாக வேரோடிய வழக்கம் வேகமாக ஆட்டம் காண்கிறது. ஊர்ப் பெரிய மனிதர்கள் சிலர் முழு மனிதர்களாக அல்லாமல், வழக்கத்தின் வெறும் குரலாக மட்டும் நின்றுவிடுகிறார்கள். இது என் கருத்து. உங்களுக்கு வேறாகப் படலாம்.

யாருடைய கருத்து எண்ணப்படுகிறது?

இனி, கருத்துக்கு ஏன் கனம் வேண்டும் என்ற கேள்விக்கு வருகிறேன்.

அன்றாடத் தொடரை எடுத்துக்கொண்டே ஒளிபரப்புவதால், நேயர்களின் வரவேற்பைப் பார்த்துக் கதையைத் திருப்ப முடியும். ஒரு பாத்திரத்தை வளர்க்கலாம், குறைக்கலாம். அந்த வரவேற்பை அளப்பது எப்படி? இந்தியாவில் பார்க் என்னும் அமைப்பு, 50,000-க்கும் அதிகமான வீடுகளில் கருவி வைத்து, எந்த அலைவரிசை எவ்வளவு நேரம் ஓடியது என்று வாரந்தோறும் கணக்கிடுகிறது. திட்டிக்கொண்டே பார்த்தாலும் பார்த்ததாகத்தான் கணக்கு. கருவிக்கு நம் முணுமுணுப்பு கேட்காது!

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தக் கருவி இருக்கும் வீடுகள் இந்தியாவில் உள்ளவை. கிள்ளானிலும் ஈப்போவிலும் ஈசூனிலும் நாம் விழுந்து விழுந்து பார்த்தாலும், சென்னையில் தயாராகும் நாடகத்தின் அந்தக் கணக்கில் நாம் இல்லை. இணையத் தளங்கள் அப்படியல்ல. எந்த நாட்டில், எந்தப் பகுதிவரை பார்த்தார்கள், எங்கே நிறுத்தினார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். நெட்ஃபிளிக்ஸ் 2021 முதல் நாடுவாரியாக வாரப் பட்டியல் வெளியிடுகிறது. மலேசியாவும் சிங்கப்பூரும் அதில் உண்டு. ஆனால் ஏன் நிறுத்தினோம் என்ற காரணம் அந்தக் கணக்கிலும் வராது.

காரணத்தைக் கேட்கக் காது உள்ள இடம் ஒன்று இருக்கிறது. அது நம் உள்ளூர் நாடகம். ஆஸ்ட்ரோவின் தமிழ் அலைவரிசைகளுக்கும், 2008-இல் தனி அலைவரிசையான சிங்கப்பூரின் வசந்தத்துக்கும் நாடகம் எடுப்பவர்கள் நம்மிடையே வாழ்பவர்கள். தோட்டத்துப் பேச்சும், அடுக்குமாடி வாழ்க்கையும், நம் பிள்ளைகள் கலந்து பேசும் தமிழும் அவர்கள் எடுத்தால்தான் திரைக்கு வரும். "நம்ம ஊர் நாடகம்தானே" என்று பார்க்காமலேயே ஒதுக்குவதும் தவறு. "நம்மவர் எடுத்தது" என்று குறையை மூடி மறைப்பதும் தவறு. இரண்டாலும் அவர்களுக்குப் பயனில்லை.

கேட்க வேண்டிய கேள்விகள்

ஆகவே ஒரு நாடகம் பார்த்து முடித்ததும் நம்மையே சில கேள்விகள் கேட்டுக்கொள்வோம். மனத்தில் நின்ற ஒரு காட்சி எது? அது ஏன் நின்றது? "நடிப்பு அருமை" என்பதைவிட, "மகளிடம் பொய் சொல்லும்போது அந்தத் தாயின் கை நடுங்கியது" என்பது எடுத்தவருக்கு உதவும் கருத்து.

கதையில் ஒரு தீமை காட்டப்பட்டால், நாடகம் அதைக் காட்டுகிறதா, இல்லை ரசிக்கச் சொல்கிறதா? இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. கதைக்கு இந்த நீளம் தேவைதானா? கூடுதலா, குறைவா? பிள்ளைகளோடு அமர்ந்து பார்க்கலாமா? இணையத் தொடர் பலவற்றில் வன்முறையும் வசவும் தாராளம். வயது வரம்பு தொடக்கத்திலேயே காட்டப்படும். அதைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள்.

மற்றவரிடம் சொல்லும்போது முடிவை மட்டும் சொல்லிவிடாதீர்கள். துப்பறியும் கதையில் குற்றவாளி யார் என்று சொல்லிவிட்டால், அவர் பார்ப்பதற்கு என்ன மிச்சம்?

பிடிக்கவில்லையா? காரணத்தைச் சொல்லிவிட்டு நிறுத்திவிடுங்கள். பிடித்திருக்கிறதா? நான்கு வரி எழுதி, எடுத்தவருக்கே அனுப்புங்கள். உள்ளூர்க் கலைஞருக்கு அந்த நான்கு வரி எவ்வளவு பெரிய தெம்பு என்பது அவருக்குத்தான் தெரியும்.