திரைக்கு எதிரே

திரைப்படத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் திரையில் தோன்றுவதைப் பற்றியே பேசுவர். நாம் இன்று சற்றே திரும்பி, திரைக்கு எதிரே இருளில் அமர்ந்திருக்கும் மக்களைப் பார்ப்போம். சீழ்க்கையும் கைதட்டலும் ஆரவாரமும் நம் கொட்டகைகளுக்குள் எங்கிருந்து வந்தன? அவை வெறும் ஒழுங்கீனந்தாமா?

1905-ஆம் ஆண்டில், திருச்சிராப்பள்ளியில் இரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், படங்காட்டும் கருவியொன்றை வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துச் சலனப்படம் காட்டலானார். அக்காலத்தில் படம் காண வந்தோர், கூத்தும் நாடகமும் பார்த்துப் பழகியவர்கள். தெருக்கூத்தில் ஆடுபவருக்கும் காண்பவருக்கும் இடையே சுவர் கிடையாது; கட்டியங்காரன் கூட்டத்தை நோக்கியே பேசுவான். நாடகத்திலோ, 'ஒன்ஸ்மோர்' என்று கொட்டகை முழங்கினால், பாடி முடித்த நடிகர் மீண்டும் பாடுவார். ஊமைப்படம் ஓடும்போதும் ஒருவர் நின்று கதையை உரக்க எடுத்துரைப்பதுண்டு. ஆகவே, குரல் எழுப்புவது அம்மக்களுக்குக் கலையில் பங்கு கொள்ளும் முறையாகவே இருந்தது.

1931-இல் 'காளிதாஸ்' வெளிவந்தது. தமிழ்ப்படம் பேசத் தொடங்கியது. ஆனால், படம் பேசத் தொடங்கியதால் பார்ப்பவர் பேச்சு நின்றுவிடவில்லை. இங்கே ஒரு வினா எழுகிறது. நாடக நடிகர் கைதட்டலைக் கேட்பார். திரையில் ஆடும் நிழலுக்கோ செவியில்லை. அங்ஙனமாயின் நாம் யாருக்காகக் கைதட்டுகிறோம்? பக்கத்தில் இருப்பவருக்காகவே. 'நான் மகிழ்ந்தேன், நீயும் மகிழ்ந்தாய்' என்று முன்பின் அறியாதவரோடு நாம் பேசும் பேச்சு அது. வீட்டில் தனியே பார்க்கும்போது புன்முறுவலோடு நின்றுவிடும் நகைச்சுவை, அரங்கில் வயிறு குலுங்கச் சிரிக்க வைப்பதும் இதனால்தான்.

அந்தப் பக்கத்து இருக்கைக்காரர் யார்? தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து கலை கண்ட முதல் இடம் திரையரங்கே என்றும், அங்கே இடத்தை வகுத்தது பிறப்பன்று, கொடுத்த காசே என்றும், 1981-இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில் பேராசிரியர் கா. சிவத்தம்பி விளக்கினார். டூரிங் டாக்கீஸில் தரை, பெஞ்சு, நாற்காலி என்ற வேற்றுமை இருந்தது உண்மை. ஆயினும், கோயில் வாயிலிலும் ஊர்க்கிணற்றிலும் மறுக்கப்பட்ட சமத்துவத்தின் ஒரு சிறு கூறு, அங்கே சில அணாக்களுக்குக் கிடைத்தது.

அந்த உரிமை இன்றும் காக்கப்பட வேண்டியதாகவே இருக்கிறது. 2023 மார்ச்சு மாதத்தில், சென்னைத் திரையரங்கு ஒன்றில், நுழைவுச் சீட்டு வைத்திருந்த நரிக்குறவர் குடும்பத்தினர் வாயிலில் தடுக்கப்பட்டனர். படத்திற்குரிய வயது வரம்பே காரணம் என அரங்கத்தார் கூறினர். அங்கே படம் பார்க்க வந்திருந்த பிறர் அதைக் கண்டு நியாயம் கேட்டனர். பின்னர் அக்குடும்பத்தினர் உள்ளே சென்று படம் பார்த்தனர். இரசிகர் எழுப்பும் குரல்களில் உயர்ந்தது இத்தகைய குரலே எனலாம்.

எனவே, படம் பார்ப்போர் பண்பை ஓசையின் அளவு கொண்டு அளத்தல் பொருந்தாது. நாயகன் தோன்றும்போது எழும் சீழ்க்கை நூறு பேரை ஒன்று சேர்க்கிறது. ஆனால், உருக்கமான காட்சியில் ஒருவர் கையில் ஒளிரும் கைப்பேசி, சிறிதும் ஓசையின்றியே பின்வரிசையின் கண்ணீரைக் கலைத்துவிடுகிறது. முடிவை முன்கூட்டியே சொல்லும் மெல்லிய முணுமுணுப்பும் அத்தகையதே. அண்டையில் இருப்பவரையும் கூட்டிக்கொள்ளும் ஆரவாரம் இரசனை. அவர் இருப்பதையே மறந்த செயல், எவ்வளவு அமைதியாயினும், பண்பின்மை. காசு கொடுத்து நாம் பெறுவது ஓர் இருக்கையை மட்டுமே. அரங்கின் இருள் அனைவருக்கும் பொது.