தோளில் ஏறிய ஆடு

“உங்களுக்கெல்லாம் பாரமாகிவிட்டேன்.” மருத்துவமனைப் படுக்கையில் இருப்பவர் தம் உறவினரிடம் தாழ்ந்த குரலில் சொல்லும் சொல் இது. நோயின் வலியைவிட இந்த எண்ணத்தின் வலி பலருக்குப் பெரிது. உழைத்துக் குடும்பத்தைத் தாங்கிய ஒருவர், தண்ணீர் அருந்தவும் பிறர் கையை எதிர்பார்க்கும் நாளில் அவருக்கு என்ன மதிப்பு இருக்கிறது? கிறிஸ்தவத் திருமறை இக்கேள்விக்கு ஒரு மேய்ப்பரைக் காட்டி விடையளிக்கிறது.

ஆதியாகமம் 48ஆம் அதிகாரத்தில் யாக்கோபு நோயுற்றுப் படுத்திருக்கிறார். வாழ்நாளின் பெரும்பகுதியை ஆடு மேய்ப்பதில் கழித்தவர் அவர். பகல் வெயிலையும் இரவுக் குளிரையும் அறிந்தவர். அவர் தம் பேரர்களை ஆசீர்வதிக்கும்போது, பிறந்த நாள் முதல் தம்மை மேய்த்து வந்தவர் என்று கடவுளைக் குறிப்பிடுகிறார். மந்தையைக் காத்த கைகள் ஓய்ந்தபின்னரும் தாம் காக்கப்படுவதாகவே அவர் உணர்கிறார்.

லூக்கா நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தில் இயேசு கூறிய உவமை நாம் அறிந்ததே. நூறு ஆடுகளில் ஒன்று காணாமற்போகிறது. மேய்ப்பர் அதனைக் கண்டுபிடிக்கும்வரை தேடுகிறார். கண்டதும் ஏன் வழிதவறினாய் என்று கடிந்துகொள்வதில்லை. நடந்து வா என்று விரட்டுவதுமில்லை. மகிழ்ச்சியோடு தோளின்மேல் தூக்கிக்கொள்கிறார். அந்த ஆடு செய்ததென்று அங்கு ஒன்றும் சொல்லப்படவில்லை. சுமக்கப்பட்டது, அவ்வளவே. ஆயினும் அதன் மதிப்பு ஒரு துளியும் குறையவில்லை.

கடவுளே பார்த்துக்கொள்வார் என்று மனிதர் கைகட்டி இருக்கவும் திருமறை இடம் தரவில்லை. எசேக்கியேல் 34ஆம் அதிகாரம் கடமை தவறிய மேய்ப்பர்களைக் கண்டிக்கிறது. நலிந்தவற்றைத் திடப்படுத்தவில்லை, நோயுற்றவற்றைக் குணமாக்கவில்லை, எலும்பு முறிந்தவற்றுக்குக் கட்டுப் போடவில்லை என்பனவே அவர்கள்மேல் சாட்டப்படும் குற்றங்கள். ஆகவே புண்ணைத் துடைத்துக் கட்டுவதும், வேளை தவறாமல் மருந்து கொடுப்பதும் இறைப்பணிக்கு வெளியே நிற்பவை அல்ல. மேய்ப்புப் பணியின் நடுவே இருப்பவை.

நம் பகுதியிலேயே இதற்குச் சான்று உண்டு. தாம்பரம் சானடோரியம் என்ற இரயில் நிலையத்தின் பெயர் ஒரு மருத்துவமனையை நினைவூட்டுவது. 1928ஆம் ஆண்டில் மருத்துவர் டேவிட் சௌரிமுத்து, காசநோயாளருக்காக 12 படுக்கைகளுடன் அதனைத் தொடங்கினார். காசநோயைக் குணமாக்கும் மருந்துகள் அன்று இல்லை. தூய காற்று, ஓய்வு, நல்லுணவு, அருகிருந்து பேணும் கைகள் ஆகியவையே சிகிச்சையாக இருந்தன. 1937இல் அரசு அதனை ஏற்றுக்கொண்டது. பின்னர் 1990களில், எச்.ஐ.வி. தொற்றுடையோரைத் தொடவும் உலகம் அஞ்சியபோது, அதே வளாகம் அவர்களுக்குப் படுக்கை தந்தது. மந்தையிலிருந்து விலக்கப்பட்ட ஒருவரைத் தேடிச் சேர்த்துக்கொள்வது எத்தகைய செயல் என்பதை அந்த வரலாறு சொல்கிறது.

இனி, அருகிருந்து பேணுவோருக்கு ஒரு சொல். இரவெல்லாம் வராந்தாவில் பாய் விரித்துப் படுத்து, விடிந்ததும் மருந்துச் சீட்டுடன் ஓடும் உங்களையும் அந்த மேய்ப்பர் மறக்கவில்லை. ஏசாயா 40ஆம் அதிகாரம் இருவகை ஆடுகளைக் கூறுகிறது. குட்டிகளை அவர் மார்போடு அணைத்துச் சுமக்கிறார். குட்டிகளைப் பேணும் தாயாடுகளை மெல்ல நடத்துகிறார். தாயாட்டின் களைப்பு அவருக்குத் தெரியும்; விரைந்து வா என்று அவர் அதட்டுவதில்லை. ஆகவே ஒரு நாள் இரவு தம்பியையோ அக்காவையோ துணைக்கு வைத்துவிட்டு நீங்கள் வீட்டில் உறங்குவது அன்பில் குறைவாகாது. உங்கள் சோர்வைச் செவிலியரிடம் சொல்வதும் இழுக்கன்று.

ஆயர் வாழும் முல்லை நிலத்திற்கு நம் முன்னோர் வகுத்த உரிப்பொருள் இருத்தல். பிரிந்தவர் திரும்புவார் என்ற நம்பிக்கையுடன் ஆற்றியிருத்தல். அறுவை அரங்கின் வாசலிலும் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலிலும் அமர்ந்திருப்போர் அதன் பொருளை அறிவர்.

23ஆம் சங்கீதத்தில் ஒரு நுட்பம் உண்டு. பசும்புல்லும் அமைதியான நீரும் இருக்கும் இடத்தில் பாடகர் கடவுளை ‘அவர்’ என்கிறார். இருண்ட பள்ளத்தாக்கில் நடக்கும்போதோ ‘நீர்’ என்று அழைக்கிறார். நலமாயிருந்த நாளில் கடவுளைப் பற்றிப் பேசியவர், இருளில் அவரோடே பேசுகிறார். பள்ளத்தாக்கு அகன்றுவிடவில்லை; ஆனால் அங்கு அவர் தனியாக இல்லை.

இன்றிரவு உறக்கம் வராவிட்டால், உங்கள் அச்சத்தை அப்படியே அவரிடம் சொல்லுங்கள். அருகில் இருப்பவரின் கையையும் பற்றிக்கொள்ளுங்கள். நீங்கள் பாரம் அல்லர். தேடிக் கண்டடைந்து தோளில் ஏற்றிக்கொள்ளப்பட்டவர்.