ஓர் எழுத்து மாறினால்!

விருத்தாசலம் பீங்கானுக்குப் பெயர் போன ஊர். பக்கத்து நல்லூரில் ஆங்கிலம் படிக்கத் தொடங்குகிறவருக்கு முதலில் எது வேண்டும்? பெயரும் எண்ணும்தான்!

தமிழில் 'ப' ஒன்றே. ஆங்கிலத்தில் 'பி' இரண்டு. பழனிக்கு ஒன்று, பாலுவுக்கு வேறொன்று. மாற்றி எழுதினால் ஆதார் அட்டையில் ஒரு பெயர், பாங்கி புத்தகத்தில் வேறு பெயர்!

வழி என்ன? "பாண்டிச்சேரி பி", "பெங்களூர் பி" என்று சொல்ல வேண்டும். விமானிகளும் எழுத்துக்கு ஒரு சொல்லாகத்தான் சொல்கிறார்கள்.

'தர்ட்டீன்' 13, 'தர்ட்டி' 30. பதின்மூன்று பெட்டி பீங்கான் கேட்டவருக்கு முப்பது பெட்டி போனால் யாருக்கு நஷ்டம்? "ஒன், த்ரீ" என்று இலக்கம் இலக்கமாகச் சொன்னால் தவறு வராது. விருத்தாசலம் பின்கோடு 606001. அதையும் அப்படியே சொல்லிப் பழகலாம்.

பெயரையும் ஊரையும் சொல்லலாம். போனில் வரும் ஓ.டி.பி. எண்ணை மட்டும் யார் கேட்டாலும் சொல்லக் கூடாது!