தலைப்பு யாருடைய சொத்து?

2013ஆம் ஆண்டில் சன், விஜய் ஆகிய இரு தொலைக்காட்சிகளிலும் ‘மகாபாரதம்’ என்ற ஒரே தலைப்பில் வெவ்வேறு தொடர்கள் ஒளிபரப்பாயின. ஒன்று தமிழிலேயே எடுக்கப்பட்டது. மற்றொன்று இந்தியிலிருந்து மொழிமாற்றம் செய்யப்பட்டது. 1988இல் தூர்தர்ஷனில் தொடங்கிய பி.ஆர். சோப்ராவின் தொடருக்கும் அதே பெயர்தான். வெறும் தலைப்புக்குப் பதிப்புரிமை கிடையாது என்பதை உச்ச நீதிமன்றம் 2015இல் உறுதிசெய்தது.

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் இதை நான் வரவேற்கிறேன். தொடரின் தரம் பார்த்த பிறகே தெரியும். ஆகவே, அறிமுகமான பெயரே முதலில் பார்வையாளரை ஈர்க்கிறது. இதிகாசப் பெயருக்கு அந்த ஈர்ப்பைத் தந்தவை பல தலைமுறைகள். முந்திக்கொண்ட நிறுவனத்துக்கு அதைத் தாரைவார்ப்பது நியாயமன்று. ஒருவர் உழைத்து நிலைநாட்டிய புதுப்பெயரை மற்றொருவர் எடுத்தாண்டு மக்களைக் குழப்புவது வேறு. அதைத் தடுக்க வணிகச்சின்னச் சட்டம் உள்ளது. பெயர் பொதுவாக இருக்கட்டும். போட்டி தரத்தில் நடக்கட்டும்.