தண்டவாளம் போன பின் நிலம் யாருக்கு?

வவுனியாவிலிருந்து புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி வழியாகக் கிளிநொச்சி செல்லும் புகையிரதப் பாதை நீண்ட காலம் தண்டவாளம் அற்ற மண்மேடாகவே கிடந்தது. 1905இல் யாழ்ப்பாணம் வரை பூர்த்தியான இப்பாதையில் 1990இல் யாழ்தேவியின் ஓட்டம் நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின.

இத்தகைய மேடு வீண்நிலமன்று. புகையிரதம் செங்குத்தாக ஏறமாட்டாது. எனவே அதன் பாதை சாய்வு குறைந்ததாகவும், மாரி வெள்ளம் தேங்காதபடி உயர்த்தப்பட்டும் இருக்கும். நடப்பதற்கும் சைக்கிளோட்டத்திற்கும் அது உகந்தது. ஆகவேதான் பல நாடுகள் கைவிடப்பட்ட புகையிரதப் பாதைகளைப் பசுமைப் பாதைகளாக மாற்றியுள்ளன.

அயர்லாந்தின் மேற்கே வெஸ்ற்போட் நகரிலிருந்து அக்கில் தீவை நோக்கிய பாதை 1937இல் மூடப்பட்டது. காலப்போக்கில் அந்நிலம் அயல் விவசாயிகளின் கைக்கு வந்தது. 2010, 2011ஆம் ஆண்டுகளில் அங்கு 42 கிலோமீற்றர் பசுமைப் பாதை திறக்கப்பட்டபோது அவர்களிடமிருந்து நிலம் பறிக்கப்படவில்லை. மக்கள் கடந்து செல்வதற்கு அவர்கள் இசைவு மட்டும் வழங்கினர். உரிமை அவர்களிடமே இருந்தது.

நமது பாதையின் கதை வேறு. அது தொடர்ந்தும் அரச நிலமாகவே இருந்தது. இந்தியக் கடனுதவியுடன் மீண்டும் தண்டவாளம் இடப்பட்டு, 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சிக்கும் 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும் புகையிரதம் வந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் கைவிடப்பட்டிருந்தும் அரசின் உரிமை அழியவில்லை.

ஆனால் இடம்பெயர்ந்த விவசாயியின் உறுதிக்காணிக்கு அதே பாதுகாப்பு இல்லை. தனியார் காணியொன்றில் பிறர் ஒருவர் பத்து ஆண்டுகள் தடையின்றி, உரிமையாளரைப் போல ஆட்சி செய்திருந்தால், நீதிமன்றில் உரிமை கோர நமது நாட்டுச் சட்டம் இடமளிக்கிறது. ஆகவே, திரும்பிச் செல்ல முடியாதிருப்பினும் காணியின் தொடர்பை அறுத்துவிடக் கூடாது. உறுதி தொலைந்திருந்தால் அதன் பிரதியைக் காணிப் பதிவகத்தில் கேளுங்கள். அனுமதிப்பத்திரக் காணியாயின் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். எல்லைகளையும் அயற்காணிக்காரரின் பெயர்களையும் எழுதி வையுங்கள். பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

நாளை உங்கள் காணியூடாகப் பாதையோ வாய்க்காலோ அமைக்கவென ஒருவர் வந்தால், உடனே மறுக்கவும் வேண்டாம், உடனே கையொப்பமிடவும் வேண்டாம். மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: நிலத்தின் உரிமை யாரிடம் இருக்கும்? மாடுகளும் உழவு இயந்திரமும் எவ்விடத்தில் கடக்கும்? மதகுகளை யார் பராமரிப்பார்? விடைகளை எழுத்தில் பெற்ற பின்னரே இசைவு வழங்குங்கள்.