முகநூல் பதிவும் மணமுறிவு வழக்கும்

இல்லறத்தில் பிணக்கு முற்றி நீதிமன்றம் ஏறுங்கால், முன்னாளில் பெரிதும் சான்றாக நின்றவை கடிதங்களும் உற்றார், அயலார் வாக்குமூலங்களுமே. இன்று அவற்றோடு முகநூல் பதிவும் இன்ஸ்டாகிராம் படமும் வாட்ஸ்அப் செய்தியும் சேர்ந்துவிட்டன. வருமானமே இல்லையென்று பிரமாணம் செய்த கணவர், தாம் வாங்கிய புதுக் காரின் அருகே நின்று வெளியிட்ட படம், ஜீவனாம்ச விசாரணையில் அவருக்கு எதிராகவே பேசக்கூடும். வாழ்க்கைத் துணையைப் பற்றி ஊரறிய எழுதிய இழிசொல், கொடுமை என்னும் வாதத்துக்கு வலுவூட்டக்கூடும்.

இத்தகைய சான்றைச் சட்டம் எங்ஙனம் நோக்குகிறது? 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக, பாரதீய சாக்ஷ்ய அதிநியம், 2023, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 63-ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவின் நகலோடு ஒரு சான்றிதழும் தரப்பட வேண்டும். எக்கருவியிலிருந்து எவ்வாறு நகல் எடுக்கப்பட்டது என்பதைக் கூறும் அச்சான்றிதழில், கருவிக்குப் பொறுப்பானவரோடு நிபுணர் ஒருவரும் ஒப்பமிடல் வேண்டும். கோப்பின் ஹாஷ் எண்ணும் அதில் இடம்பெறும்; கோப்பில் ஓர் எழுத்து மாறினும் இவ்வெண் மாறிவிடும். அசல் கருவியையே அதன் உரிமையாளர் நீதிமன்றத்தில் காட்டி மெய்ப்பித்தால் சான்றிதழ் தேவையில்லை என்று, பழைய சட்டத்தின் கீழ் 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆதலின் பழைய கைபேசியை விற்றுவிட்டு வெறும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பியிருத்தல் தகாது.

குடும்ப நீதிமன்றங்கள் சட்டம், 1984, தன் 14-ஆம் பிரிவில் சற்றே தளர்வு அளிக்கிறது. வழக்கைத் தீர்க்க உதவுமெனத் தோன்றும் எதனையும், சாட்சியச் சட்டத்தின் கட்டுக்களைப் பாராது, அந்நீதிமன்றம் ஏற்கலாம். எனினும் ஏற்றல் வேறு, நம்புதல் வேறு. கணக்கு யாருடையது, எப்போது எழுதப்பட்டது, முன்னும் பின்னும் என்ன இருந்தது என்ற கேள்விகள் எழவே செய்யும். பிறர் பெயரில் போலிக் கணக்குத் தொடங்குவோரும் உளர் அன்றோ?

தம்பதியருள் ஒருவர் மற்றவர் அறியாமல் பதிவு செய்த தொலைபேசி உரையாடலையும் மணமுறிவு வழக்கில் ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதைக் கொண்டு, துணையின் கடவுச்சொல்லைத் திருடிக் கணக்கினுள் நுழையலாம் என்று எண்ணிவிடலாகாது. அது தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன்படி மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாகக்கூடும்.

வெளிமாநிலத் தமிழர்க்கே உரிய இடர் ஒன்றும் உண்டு. கணவனும் மனைவியும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊரில் வழக்குத் தொடர இந்து திருமணச் சட்டம், 1955, இடந்தருகிறது. எனவே நம்மவர் வழக்கு தில்லியிலோ புணேயிலோ நடைபெறலாம். அங்கே தமிழ்ப் பதிவை நீதிபதி பெரும்பாலும் மொழிபெயர்ப்பிலேயே படிப்பார். ‘என் உயிரை வாங்குகிறாள்’ என்று சலிப்பில் எழுதிய தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், கொலைப் பழி சுமத்துவது போல் ஒலிக்கும். ‘வாடி’, ‘போடா’ என்பன அன்பா, அவமதிப்பா என்பது இடம் நோக்கியே விளங்கும். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம், தனித்த ஒரு வரியைக் கொண்டு இதைத் துணிய இயலாமையை நன்கு அறிவோம். ஆதலின் மூலப் பதிவை முன்பின் செய்திகளோடு முழுமையாகத் தாக்கல் செய்தல் வேண்டும். பெயர்ப்பில் பிழை கண்டால் வழக்கறிஞர் வாயிலாக உடனே ஆட்சேபித்தல் வேண்டும்.

இறுதியாக ஒன்று. இந்து திருமணச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, இவ்விசாரணை மூடிய அறையில் நடைபெற வேண்டுமென விதிக்கிறது. குடும்பத்தின் மானத்தைக் காக்கச் சட்டமே கதவை அடைக்கும்போது, சினம் மிகுந்த இரவொன்றில் நாமே அதைத் திறந்து வைக்கலாமா? வழக்கு நடக்குங்கால் புதிதாக எதனையும் எழுதாதிருப்பதும், எழுதியதை வழக்கறிஞரைக் கேளாமல் அழிக்காதிருப்பதுமே அறிவுடைமை.