ஊரடங்கு இரவில் ஒரு கதை

1983 ஜூலைக் கலவரம் கொழும்போடு நிற்கவில்லை. நுவரெலியாவிலும் பதுளையிலும் தமிழர் கடைகள் எரிந்தன. 1948இல் குடியுரிமையைப் பறிகொடுத்த மலையக மக்களுக்கு அச்சம் புதிதல்ல. 1977இலும் அடி வாங்கியவர்கள்தான். ஊரடங்கு இரவொன்றில், தேயிலைத் தோட்டத்தின் பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்துக் காம்பராவில் குடும்பமே முடங்கியிருக்க, குப்பி லாம்பு வெளிச்சத்தில் பழைய அம்புலிமாமா இதழை எழுத்துக்கூட்டி வாசிக்கும் ஒரு பிள்ளையை எண்ணிப் பாருங்கள். வெளியே நடப்பது அதற்குத் தெரியாமலில்லை. ஆனாலும் நாலு பக்கம் புரட்டுவதற்குள் மூச்சு சீராகிவிடுகிறது. எப்படி?

அச்சம் வந்ததும் மூளையின் அமிக்டலா முதலில் விழித்துக்கொள்கிறது. ஐப்போதலமஸ், பிட்யூட்டரி வழியே செய்தி அட்ரினல் சுரப்பிக்குப் போய், கார்ட்டிசோல் என்ற ஹார்மோன் இரத்தத்தில் ஏறுகிறது. தேயிலை மலையில் சிறுத்தையைக் கண்டவர் தப்பி ஓடத் தேவையான சக்தியைத் திரட்டித் தருவதில் அதற்கும் பங்குண்டு. சிறுத்தை போய்விட்டால் கார்ட்டிசோலும் இறங்கிவிடும். ஊரடங்கு அப்படிப் போய்விடுவதில்லை. நாள்கணக்கில் ஏறியே நிற்கும் கார்ட்டிசோல் தூக்கத்தைக் கெடுக்கும், நினைவாற்றலையும் தொடும்.

வாசிப்பு சும்மா நடக்கும் வேலையல்ல. கண் நொடிக்கு மூன்று நான்கு முறை தாவித் தாவி நிற்கிறது. எழுத்து ஒலியாகி, ஒலி பொருளாகி, பொருள் காட்சியாக வேண்டும். நிக்கோல் ஸ்பீர், ஜெஃப்ரி சாக்ஸ் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், கதைமாந்தர் ஒரு பொருளைக் கையிலெடுக்கும் இடத்தை வாசித்தவர்களின் மூளையில் கையசைவோடு தொடர்புள்ள பகுதிகள் துலங்கின. இத்தனை வேலைக்கு நடுவே, அச்சத்தைத் திரும்பத் திரும்ப அசைபோட மனத்தில் இடம் குறைகிறது.

கவனம் திரும்பியதால் மட்டுமே இந்த ஆறுதலா? இல்லை என்கிறது பிரேசிலில் நடந்த ஓர் ஆய்வு. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த 81 சிறுவர்களில் ஏறத்தாழ ஒரு பாதிக்குக் கதை வாசித்துக் காட்டினார்கள். மறுபாதியோடு அதே ஆட்கள் விடுகதை போட்டு விளையாடினார்கள். முன்னும் பின்னும் உமிழ்நீரைச் சோதித்தார்கள். இரு குழுவிலும் கார்ட்டிசோல் குறைந்தது, ஆனால் கதைக் குழுவில் ஏறத்தாழ இருமடங்கு குறைந்தது. உறவின் நெருக்கத்தோடு தொடர்புள்ள ஆக்சிடோசின் கூடியது, வலியும் தணிந்தது. இதையெல்லாம்விட என்னை நிறுத்தியது வேறொன்று. பிறகு தாதியின் படத்தைக் காட்டியபோது, விடுகதைக் குழுப் பிள்ளைகளுக்கு அவர் ஊசி போட வரும் பொல்லாதவர்; கதை கேட்ட பிள்ளைகளுக்கு அவர் குணமாக்க வருகிறவர். அறையும் ஊசியும் மாறவில்லை, பிள்ளை அதைப் பார்த்த விதம் மாறியிருந்தது. 2021இல் வெளியான ஆய்வு இது.

போரில் துவண்ட பிள்ளைகளுக்குக் கதை வேண்டும் என்று நம்பிய ஜெல்லா லெப்மனிடம் இந்த அளவுகள் எதுவும் இருக்கவில்லை. ஹிட்லர் ஆட்சிக்குத் தப்பி இங்கிலாந்து போன அந்த யூதப் பத்திரிகையாளர், போர் முடிந்ததும் இடிந்து கிடந்த ஜெர்மனிக்குத் திரும்பினார். நாடு நாடாகக் கடிதம் எழுதிச் சிறுவர் நூல்களை இரந்து வாங்கி, 1946இல் மியூனிக்கில் கண்காட்சி வைத்தார். நாஜிகள் தங்கள் கலையைக் காட்டக் கட்டிய அதே மாளிகையில்! 1949இல் அந்தக் கண்காட்சி பன்னாட்டு இளைஞர் நூலகமாக வளர்ந்தது.

மலையகத்துப் பிள்ளைகளை இன்று லயத்திலிருந்து முகாமுக்கு விரட்டுவது பெரும்பாலும் மண்சரிவு. அடுத்த முறை அரிசியும் போர்வையும் அனுப்புகிறவர்கள் பத்துக் கதைப் புத்தகங்களையும், உரக்க வாசித்துக் காட்ட ஓர் அக்காவையும் சேர்த்து அனுப்புங்கள்.